முன்தோல் இறுக்கம்: அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டுமா?

மண்டபம் வாசகர்:

எனக்கு வயது 27. மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வருகிற ஆவணியில் திருமணம் என்று இரு வீட்டாரும் பேசி முடித்திருக்கிறார்கள். எனக்கு ஆண்குறியின் முன்தோல் முழுவதுமாகப் பின்னால் போவதில்லை. சாதாரண நிலையில் மொட்டின் பாதி வரை தெரிகிறது. விறைப்பின்போது நுனி மட்டுமே தெரிகிறது. அதற்கு மேல் இழுத்தால் ஓர் இடத்தில் இறுக்கிப் பிடித்து வலிக்கிறது. சிறுநீர் போவதில் எந்தச் சிக்கலும் இல்லை. புண், சீழ், நாற்றம் எதுவும் இல்லை.

மருந்துக் கடையில் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை விடுதியில் வந்து தங்கிப் பார்க்கும் ஒரு வைத்தியரோ, இதை உடனே அறுக்காவிட்டால் குழந்தை பிறக்காது என்று சொல்லி முன்பணமும் கேட்டார். வீட்டில் யாரிடமும் இதைப் பேச முடியவில்லை. அனுபவம் உள்ளவர்களும் மருத்துவம் அறிந்தவர்களும் சொல்லுங்கள்: இது எந்த அளவுக்குப் பெரிய சிக்கல், கத்தி இல்லாமல் சரியாக வழி உண்டா?

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற ஆண் செவிலியர்:

தம்பி, முதலில் அந்தக் களிம்பின் அட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்து மருந்துக் கடைகளில் "அந்த இடத்தில்" என்று சொன்ன மாத்திரத்தில் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒரு நுண்ணுயிர்க்கொல்லி ஆகிய மூன்றையும் கலந்த களிம்பாகத்தான் இருக்கும். அதில் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருந்தால், மாதக்கணக்கில் பூசும்போது தோல் மெலிந்து போகும். தொடை இடுக்கில் படர்தாமரை இருந்தால் அது அடங்கியதுபோல் காட்டிவிட்டு இரண்டு மடங்காகப் படரும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியையே திருத்தியது. ஆகவே அதைப் பூசாமல் வைத்துவிடுங்கள்.

குழந்தை பிறக்காது என்று அந்த வைத்தியர் சொன்னது பொய். முன்தோல் இறுக்கத்துக்கும் விந்தணு உற்பத்திக்கும் தொடர்பே இல்லை. உடலுறவின்போது வலி இருக்கலாம், தோல் கிழியலாம், அந்தப் பயத்தில் விறைப்பு குறையலாம், அவ்வளவுதான். திருமணம் நிச்சயமான இளைஞனின் அச்சத்தை வைத்துப் பணம் பறிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து என் பணிக்காலமே கழிந்தது. அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிறக்கும்போது ஏறக்குறைய எல்லா ஆண் குழந்தைகளுக்கும் முன்தோலின் உட்புறம் மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். அது மெல்ல மெல்லத் தானாகப் பிரியும். நுனி வளையமும் வளர வளரத் தளரும். டென்மார்க்கில் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்து யாக்கோப் ஓஸ்டர் என்ற மருத்துவர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், 6, 7 வயதில் 100 பேரில் 8 பேருக்கு இருந்த இறுக்கம் 16, 17 வயதில் 100 பேரில் ஒருவருக்குத்தான் எஞ்சியிருந்தது. 100 பேரில் ஒருவர் என்பது சிறிய எண்ணிக்கை அன்று. உங்கள் ஊர் மீன்பிடி இறங்குதளத்தில் ஒரு காலை நேரத்தில் நிற்கும் ஆண்களுக்குள்ளேயே இதே கவலையை வெளியே சொல்லாமல் சுமப்பவர்கள் இருப்பார்கள்.

பெரியவர்களுக்கு இருக்கும் இறுக்கம் எல்லாம் ஒரே வகை அல்ல. எந்த வகை என்பதைப் பொறுத்தே வைத்தியமும் மாறும். தோலை மெதுவாகப் பின்னால் தள்ளும்போது நுனி சுருக்குப் பையின் வாய்போலச் சுருங்கி, ஆனால் மென்மையாகவும் இயல்பான நிறத்திலும் இருந்தால், அது சிறு வயதிலிருந்தே தளராமல் நின்றுவிட்ட தோல். இதற்குக் களிம்பு நன்றாக வேலை செய்யும். மாறாக, நுனி வளையம் வெளுத்து, தடித்து, தொட்டால் விறைப்பாக இருந்து, இழுத்தால் மெல்லிய கீறல்கள் விழுமானால், அது தழும்பு ஏறிய தோல். அதற்குக் காரணம் பெரும்பாலும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாகவோ, மீண்டும் மீண்டும் வந்துபோன அழற்சியாகவோ இருக்கும். லைக்கன் ஸ்கிளிரோசஸ் சிறுநீர்த் துவாரத்தையும் உள்ளே இருக்கும் குழாயையும்கூடச் சுருக்கிவிடும் என்பதால், அதைக் கட்டாயம் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இன்னும் சிலருக்கு வளையம் சரியாகவே இருக்கும். மொட்டின் அடிப்புறத்தில் தோலைப் பிடித்துக் கட்டியிருக்கும் இழை மட்டும் குட்டையாக இருந்து, தோலைப் பின்னால் தள்ளும்போது மொட்டை வளைத்துக் கீழே இழுக்கும். அதற்குச் செய்யும் சிறு அறுவை முற்றிலும் வேறு.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் வகையாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இதைக் கண்ணால் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டு போட்டுத் தோல் மருத்துவரையோ பொது அறுவை மருத்துவரையோ பாருங்கள். சிறுநீரியல் நிபுணர் தேவைப்பட்டால் மதுரை இராசாசி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

கீழக்கரை வாசகர்:

சகோதரருக்கு என் கருத்தையும் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் சிறு வயதிலேயே சுன்னத், அதாவது முன்தோல் நீக்கம், செய்துவிடுகிறோம். முன்பு சுன்னத் செய்யும் ஒஸ்தாவை வீட்டுக்கு வரவழைத்து, மார்க்கக் கல்யாணம் என்று ஊரை அழைத்து விருந்து வைத்துச் செய்ததை, இப்போது பெரும்பாலான வீடுகளில் மருத்துவமனையில் மரப்பு ஊசி போட்டே செய்கிறார்கள். முன்தோலே இல்லாதபோது இந்த இறுக்கம், அடியில் சேரும் அழுக்கு, அடிக்கடி வரும் அழற்சி எதுவும் இல்லை. களிம்பு பூசி மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, ஒரே நாளில் முடிகிற அறுவையைச் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கலாமே? ஆவணிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றனவே.

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற ஆண் செவிலியர்:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்வதில் உண்மை இருக்கிறது. முழு முன்தோல் நீக்கம் செய்தால் இறுக்கம் திரும்ப வராது. தழும்பு ஏறிய தோலுக்கும் அதுதான் நிலையான தீர்வு. ஆனால் மார்க்கக் கடமையாகச் செய்வது ஒன்று, நோய்க்கு வைத்தியமாகச் செய்வது வேறொன்று. வைத்தியம் என்று வரும்போது, மென்மையான தோலைக் களிம்பால் தளர்த்த முடியுமா என்று முதலில் பார்ப்பதே முறை. வெட்டிய தோல் திரும்ப வராது. களிம்பு பயன் தராவிட்டால் அறுவைக்கு வழி அப்போதும் திறந்தேதான் இருக்கும்.

மருத்துவர் எழுதித் தந்தால் அதைப் பயன்படுத்தும் முறையை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் தவறுவது இங்கேதான். வழக்கமாகத் தருவது பீட்டாமெத்தசோன் 0.05 சதவீதக் களிம்பு. கையைக் கழுவிக்கொண்டு, வலிக்காத இடம் வரைக்கும் தோலைப் பின்னால் தள்ளினால் இறுக்கமான வளையம் வெளியே தெரியும். ஓர் அரிசி மணி அளவு களிம்பை அந்த வளையத்தின் மேல் மட்டும், சுற்றிலும் மெலிதாகத் தடவ வேண்டும். தண்டின் வெளித்தோலுக்கோ விதைப்பைக்கோ அது தேவையில்லை. காலையும் இரவும் இரண்டு வேளை, 4 முதல் 8 வாரம் வரை மருத்துவர் சொல்லும் காலத்துக்குப் பூசுங்கள். நான்கு நாள் பூசிவிட்டு, பலன் இல்லை என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

களிம்போடு தோலைத் தளர்த்தும் பயிற்சியும் சேர வேண்டும். வெதுவெதுப்பான நீரில் குளித்து முடித்ததும் தோல் இளகியிருக்கும். அப்போது இழுவை தெரிகிற இடம் வரை தோலைப் பின்னால் தள்ளி, அங்கேயே அரை நிமிடம் பிடித்திருந்து, பிறகு விடுங்கள். சில முறை அப்படிச் செய்தால் போதும். இழுவை தெரியலாம், வலி தெரியக் கூடாது. வலிக்க வலிக்க இழுத்தால் தோல் கிழியும். கிழிந்த இடம் ஆறும்போது தழும்பாகி, முன்பு இருந்ததைவிட இறுகும். ஒவ்வொரு முறையும் தோலை முன்னால் கொண்டுவந்து மொட்டை மூடிவிட வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் மறக்கவே கூடாது.

சோப்பு, டெட்டால், சூடான எண்ணெய் எதுவும் உள்ளே படக் கூடாது. வெறும் நல்ல தண்ணீரே போதும். கடலில் இறங்கி வேலை செய்பவர்களும், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் நிற்பவர்களும் வீடு திரும்பியதும் உப்பு படிந்த உடலை நல்ல தண்ணீரில் கழுவும்போது இந்த இடத்தையும் கழுவி, ஈரம் ஒற்றி எடுங்கள். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கே அலைகிற ஊர்கள் நம்மிடம் உண்டு என்பது தெரிந்துதான் சொல்கிறேன். இதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும்.

தொண்டி வாசகர்:

எனக்கு வயது 52. எனக்கு இளமையில் எந்த இறுக்கமும் இருந்ததில்லை. சென்ற ஆண்டு முன்தோலின் நுனியில் நெடுக்கு வாட்டத்தில் மெல்லிய வெடிப்புகள் வந்தன. சிறுநீர் பட்டால் எரியும். நான்கைந்து நாளில் ஆறும். பிறகு மீண்டும் வெடிக்கும். தயிர்த் திப்பி போல வெள்ளையாகப் படிந்தது. போகப் போகத் தோலைப் பின்னால் தள்ளவே முடியாமல் இறுகிவிட்டது. என் மனைவிக்கும் அரிப்பு இருந்தது. மருத்துவர் தோலைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "சர்க்கரை பாருங்கள்" என்பதுதான். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது. இருவருக்கும் பூஞ்சைக்குக் களிம்பு தந்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு வெடிப்புகள் நின்றன. ஆனாலும் தோல் பழையபடி தளரவில்லை, தழும்பாகிவிட்டது என்றார்கள். எனக்கு முன்தோல் நீக்கம் செய்தார்கள். நடுவயதைத் தாண்டியவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற ஆண் செவிலியர்:

இந்த இழையில் இதுவரை வந்தவற்றுள் மிக முக்கியமான பதிவு இது. இளமையில் நன்றாகத் தளர்ந்திருந்த தோல், நடுவயதில் புதிதாக வெடித்து இறுகினால், சர்க்கரைதான் காரணம் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை கூடும்போது சிறுநீரிலும் அது வெளியேறுகிறது. தோலுக்கு அடியில் தேங்கும் துளிகளில் கேண்டிடா என்ற பூஞ்சை செழிக்கிறது. அழற்சி வந்து வெடித்து ஆறி, மறுபடி வெடித்து ஆறித் தோல் தடித்துப்போகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றியே வேலை செய்பவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் நல்ல மருந்துகள்தாம், ஆனால் அவற்றைத் தொடங்கிய பிறகு சிலருக்கு இந்தப் பூஞ்சைத் தொல்லை வரும். அப்படி வந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், கொண்டுவரும் சகோதரியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போய்ச் சொல்லலாம்.

பின்னால் தள்ள முடியாத தோலுக்கு அடியில் கட்டி தட்டுப்பட்டாலோ, ஆறாத புண், இரத்தம் கலந்த கசிவு, நாள்பட்ட துர்நாற்றம் இருந்தாலோ, எந்தக் களிம்பையும் முயன்று பார்க்க வேண்டாம். ஆண்குறிப் புற்றுநோய்க்கு நீண்டகால முன்தோல் இறுக்கம் ஓர் அறியப்பட்ட காரணி. அது அரிதான நோய்தான், என்றாலும் இறுகிய தோலுக்குள் மறைந்து வளர்வதால் தாமதமாகவே கண்ணில் படுகிறது.

தங்கச்சிமடம், ஒரு தாய்:

ஐயா, ஆண்கள் பேசும் இடத்தில் கேட்பதற்கு மன்னியுங்கள். என் மகனுக்கு மூன்று வயது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, தோலைத் தள்ளித் தள்ளிப் பழக்கினால்தான் பின்னாளில் இறுகாது என்று மாமியார் சொல்கிறார், பிள்ளை அழுகிறான். சிறுநீர் கழிக்கும்போது நுனி சற்று உப்பவும் செய்கிறது. என்ன செய்வது?

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற ஆண் செவிலியர்:

நீங்கள் கேட்டது நல்லதாயிற்று, அம்மா. அப்படித் தள்ளவே கூடாது. மூன்று வயதில் தோல் ஒட்டியிருப்பது நோய் அல்ல, இயல்பு. வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். பிடித்துத் தள்ளினால் ஒட்டியிருக்கும் இடம் பிய்ந்து இரத்தம் கசியும். அது ஆறும்போதுதான் உண்மையான இறுக்கமே உண்டாகும். மாமியாரிடம் நீங்கள் சொல்லி எடுபடாது என்றால், தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போய்ச் செவிலியரையே சொல்லச் சொல்லுங்கள். நுனி உப்புவது, சிறுநீர் நன்றாக வெளியேறிக் குழந்தைக்கு வலியும் இல்லாதவரை கவலைக்கு உரியது அல்ல. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்தாலும், நுனி சிவந்து வீங்கினாலும், சொட்டுச் சொட்டாக முக்கிப் போனாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாம்பன், விசைப்படகுத் தொழிலாளி:

செவிலியர் அண்ணன் "தோலை முன்னால் கொண்டுவர மறக்காதீர்கள்" என்று எழுதியதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்களோடு கடலுக்கு வந்த ஒரு பையனுக்குத் தோல் பின்னால் போய் மாட்டிக்கொண்டு, முன்னால் வரவில்லை. வெட்கப்பட்டு இரவு முழுவதும் யாரிடமும் சொல்லாமல் படுத்திருந்தான். விடியும்போது மொட்டு வீங்கிக் கருஞ்சிவப்பாகி, வலி தாங்காமல் அழுதான். வலையை வாங்கிக்கொண்டு நேரே கரைக்கு வந்து மருத்துவமனையில் சேர்த்தோம், நல்லபடியாக முடிந்தது. நடுக்கடலில் இப்படி ஆனால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. தெரிந்தவர்கள் எழுதினால் நான்கு பேருக்கு உதவும்.

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற ஆண் செவிலியர்:

இது அவசர நிலை, தம்பி. இறுகிய வளையம் மொட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு இரத்த ஓட்டத்தை நெரிக்கிறது. மொட்டு வீங்க வீங்க, தோல் முன்னால் வருவது இன்னும் கடினமாகிறது. மணிக்கணக்கில் விட்டால் மொட்டின் சதை அழுகிப்போகும் ஆபத்து உண்டு.

முதல் வேலை, வீக்கத்தைக் குறைப்பது. உங்கள் படகில் ஐஸ் இருக்கிறது. அதைத் துணியில் சுற்றிச் சில நிமிடம் வையுங்கள், நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. பிறகு மொட்டையும் வீங்கிய தோலையும் உள்ளங்கையால் பொத்தி, விடாமல் ஐந்து முதல் பத்து நிமிடம் சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும். வலிக்கும், ஆனால் வீக்கம் வடியும். அதன்பின் இரண்டு கட்டை விரல்களையும் மொட்டின் மேல் வைத்து அதை உள்ளே அழுத்திக்கொண்டே, இரு கைகளின் ஆள்காட்டி விரல்களாலும் நடு விரல்களாலும் பின்னால் நிற்கும் தோலை முன்னே கொண்டுவர வேண்டும். தோலை மட்டும் இழுத்தால் வராது. மொட்டை உள்ளே தள்ளுவதுதான் முக்கியம். ஒரு முறை முயன்று வராவிட்டால், அல்லது மொட்டு நீலமாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால், மேற்கொண்டு போராடாமல் கரைக்குத் திரும்புங்கள். மருத்துவமனையில் மரப்பு ஊசி போட்டுச் சரிசெய்வார்கள். முடியாவிட்டால் வளையத்தில் சிறு கீறல் போட்டு விடுவிப்பார்கள்.

வீட்டில் முதியவர்களுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். குழாய் போடும்போதும் சுத்தம் செய்யும்போதும் தோலைப் பின்னால் தள்ளுவார்கள். திரும்ப மூட மறந்துவிட்டால், நினைவு தப்பிக் கிடக்கும் பெரியவரால் வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது. வேட்டியை விலக்கிப் பார்க்கச் சங்கடப்படாமல், தோல் முன்னால் வந்து மொட்டை மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பாம்பன், விசைப்படகுத் தொழிலாளி:

நன்றி, அண்ணே. இன்னொரு கேள்வி. அந்தப் பையனுக்கு முன்தோல் நீக்கம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நாள் கடலுக்குப் போகக் கூடாது?

தொண்டி வாசகர்:

நான் செய்துகொண்டவன் என்பதால் சொல்கிறேன். இடுப்புக்குக் கீழே அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே அறுத்தார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன். முதல் சில இரவுகளில் விறைப்பு வரும்போது தையல் இழுத்து நன்றாகவே வலித்தது. தளர்ந்த கைலி மட்டும் கட்டிக்கொண்டு இருந்தேன். தையல் தானாகக் கரைந்து விழுந்தது. திறந்திருந்த மொட்டில் துணி உரசும் கூச்சம் சில வாரங்களில் குறைந்துபோனது.

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற ஆண் செவிலியர்:

தையல் கரைந்து புண் மூட இரண்டு, மூன்று வாரம் ஆகும். பாரம் தூக்குவதும் வலை இழுப்பதும் உப்புத் தண்ணீரில் நனைவதும் அதுவரை வேண்டாம். உடலுறவுக்கு 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது; அவசரம் இல்லாதவர்கள் அறுவையை அதன் தொடக்கத்தில் வைத்துக்கொண்டால் கூலி நாள் எதுவும் போகாது. ஆனால் இந்தப் பையனுக்கு ஒருமுறை மாட்டிவிட்டதால், தடைக்காலம் வரட்டும் என்று நீண்ட நாள் தள்ளிப்போடக் கூடாது.

மண்டபம் வாசகர்:

உங்கள் எல்லோருக்கும் நன்றி. இராமநாதபுரம் போய்க் காட்டிவிட்டு வந்தேன். மருத்துவர் திரைக்குள் அழைத்து இரண்டே நிமிடத்தில் பார்த்து முடித்தார்; நான் பயந்த அளவுக்கு எதுவும் இல்லை. தோல் மென்மையாக இருக்கிறது, தழும்பு இல்லை என்றார். சர்க்கரையும் இயல்பாக இருக்கிறது. பீட்டாமெத்தசோன் களிம்பு எழுதி, ஆறு வாரம் பூசிவிட்டு வரச் சொன்னார். எனக்கு எஞ்சியிருப்பது ஒரே கேள்வி. களிம்பு முழுப் பலன் தராமல் திருமண நாள் நெருங்கிவிட்டால் என்ன செய்வது? வரப்போகிற மனைவியிடம் இதைச் சொல்ல வேண்டுமா?

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற ஆண் செவிலியர்:

களிம்பு பாதிப் பலன் தந்தால், மருத்துவர் மேலும் சில வாரம் நீட்டிப்பார். அப்போதும் வளையம் தளராவிட்டால், முழுத் தோலையும் நீக்காமல், இறுக்கமான இடத்தில் மட்டும் நெடுக்காகக் கீறிக் குறுக்காகத் தைத்து வளையத்தை அகலமாக்கும் அறுவையும் உண்டு. தழும்பு இல்லாத உங்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்தும். முன்தோல் அப்படியே இருக்கும். வேண்டுமானால் அதைப் பற்றி நீங்களே கேளுங்கள். எந்த அறுவையானாலும் முகூர்த்தத்துக்கு இரண்டு மாதமாவது முன்னால் முடித்துவிடுங்கள். அதற்கு இடம் இல்லாவிட்டால் திருமணத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவியிடம் சொல்லுங்கள் என்பதே என் எண்ணம். விரிவாக எல்லாம் வேண்டாம். தோல் இறுக்கமாக இருக்கிறது, வைத்தியம் நடக்கிறது, சில வாரம் நிதானமாக இருக்க வேண்டும் என்று சொன்னால் போதும். சொல்லாமல் விட்டால், நீங்கள் வலியால் விலகுவதை அந்தப் பெண் தன்மேல் விருப்பமின்மை என்று எடுத்துக்கொள்ள நேரும். முதல் நாளே எல்லாம் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நடக்கும்போது நீரால் ஆன வழுவழுப்பு ஜெல்லைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தேங்காய் எண்ணெய் ஆணுறையைக் கிழித்துவிடும் என்பதால், ஆணுறை அணிபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். நின்றாலும், புண் முழுவதும் ஆறும் வரை உடலுறவையும் தோலைத் தளர்த்தும் பயிற்சியையும் நிறுத்தி வையுங்கள்.